இரண்டரை சென்ட்

எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிறவனுக்கு
வில்பட்டிச் சரிவில்
எப்போதும் காலை பத்தரை மணிதான்.
மாலையில் இறங்கும் மூடுபனி தெரியாது,
ராத்திரியில் விளக்கணைத்துத் தோண்டும்
ஜேசிபி தெரியாது.
ஒன்பது மாதம் மேகத்தைப் படம்பிடித்து அனுப்புவான்.
ஜனவரி பிப்ரவரியில் நாலைந்து நாள்
மலை முகம் காட்டும்.
அதை வைத்துத்தான் நான் சொல்ல வேண்டும்
கொடைக்கானல் எவ்வளவு வளர்ந்ததென்று.

ஒரு புள்ளி என்பது தரையில்
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.
பத்திரம் எழுதுகிறவர் கணக்கில் இரண்டரை சென்ட்:
ஒரு வீடு, ஒரு கக்கூஸ், கோழி அடைக்கக் கொஞ்சம் இடம்.

காட்டுக்குப் பச்சை, தோட்டத்துக்கு மஞ்சள்,
கட்டடத்துக்குச் சிவப்பு.
பழைய படத்தில் பேருந்து நிலையத்தைச் சுற்றி
யாரோ துப்பிய வெற்றிலை எச்சில் அளவு.
இப்போது அட்டுவம்பட்டி வரை தெறித்திருக்கிறது.

கணினி ஏமாறும்.
பூண்டு பிடுங்கிய வயலைக் கட்டடம் என்றது.
எதிர்ச் சரிவில் நாற்பது அறை ரிசார்ட்,
கூரை முழுக்கப் பச்சைப் பெயின்ட்;
அதைக் காடு என்றது.
சந்தேகப் புள்ளிகளை நேரில் பார்க்க
சவரிராயன் ஜீப்பில் போனேன்.

நூற்றுப் பதினேழு: பச்சை.
போய் நின்றால் சௌசௌ கொடி.
கொடிக்குக் கீழே தகரம்.
தகரத்துக்குக் கீழே மரியபுஷ்பம்,
அடுப்பில் கடுங்காப்பி.

"எங்க வீடு ஒங்க படத்துல இருக்கா மேடம்?"

இல்லை என்றேன்.
சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.
இடிக்க வருகிறவர் கையில்
எங்கள் வரைபடம்தான் இருக்கும்.

"தாலுகாபீஸ்ல இல்லங்குறான்,
கரண்டாபீஸ்ல இல்லங்குறான்,
மேல இருந்து பாக்குறவனுமா?
பதினாலு வருசம் மேடம்."

குறிப்பேட்டில் 'விடுபட்ட பிழை' என்று எழுதினேன்.
நூற்றுக்குப் பதின்மூன்று பிழை வரை
துறை கண்டுகொள்ளாது.

கிளம்பும்போது கேட்டாள்,
அவன் மறுபடி எப்ப வருவான்?
அஞ்சு நாளைக்கொருக்க. ஆனா
ஜனவரியிலதான் தெளிவாப் பாப்பான்.
பத்தரைக்கு.
பத்தரைக்கா, என்று விரலை மடக்கிக்கொண்டாள்,
ரேஷனில் பாமாயில் போடும் நாளைக் கேட்டவள் போல.
அவள் கொடுத்த நாலு சௌசௌக்காய்
பின்சீட்டில் வளைவுக்கு வளைவு உருண்டன.

ரிசார்ட்டை நானே சிவப்பாக்கியிருந்தேன்.
கணினி சொன்னதில் கை வைக்காதே என்று
மேலதிகாரி பழையபடி காடாக்கினார்.
அதனால் நூற்றுப் பதினேழையும் தொடவில்லை.

ஜனவரி பதினெட்டு. மேகமில்லாத படம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
சுற்றிலும் பச்சை,
நடுவில் ஒரே ஒரு சிவப்பு.
காய்த்துக்கொண்டிருந்த கொடியை
அறுத்து இறக்கியிருக்கிறாள்.

அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில்
எழுதி வைத்தேன்:
இந்த ஆண்டு வில்பட்டிச் சரிவில்
நகரம் இரண்டரை சென்ட் வளர்ந்திருக்கிறது.