மணிக்கணக்கு

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்.
எண்ணை மட்டும்தான் ஏற்கும்.
நோயாளிகளோடு கழித்த நேரம் எவ்வளவு?
ஆயிரத்து நூற்று நாற்பது மணி என்று தட்டினேன்.
அதில் பாதி, நின்ற வண்டிக்குள்
சூரியகாந்தி விதை கொறித்த நேரம் என்பதை
எழுத இடமில்லை.

மொன்டானாவில், பியூட் நகரம்.
செம்பு தோண்டித் தீர்ந்த மலை.
தெருக்கள் அதன்மேல் ஒருக்களித்துப் படுத்திருக்கும்.
பனி இறுகினால் ஆம்புலன்ஸ் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவோம்.
கட்டிக்கொண்டே மிலோ வுகோவிச் கேட்பான்:
"டாக்டரம்மாவுக்கு விரல் வலிக்குதோ?"
மணிக்குப் பதினாறு டாலர், இருவருக்கும் அதேதான்.
ஜூனில் நான் போய்விடுவேன் என்று
இருவருக்கும் தெரியும்.
அவன் போகமாட்டான் என்றும்.

பயிற்சி வகுப்பில் எல்லாருக்கும் இதயம் நின்றது.
ரப்பர் மார்பு. முப்பது அழுத்து, இரண்டு மூச்சு,
உடனே பிழைத்துக்கொள்வார்கள்.
இங்கே எனக்கு முதலில் வாய்த்தவர்
ஆர்வோ கங்காஸ், எண்பத்து மூன்று வயது,
மூன்றாம் மாடி, சமையலறைத் தரை.
எதுவும் உடையவில்லை.
எழ முடியவில்லை, அவ்வளவுதான்.
கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி
நாற்காலியில் உட்காரவைத்தோம்.
மருத்துவமனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்.
பேனா நன்றாக எழுதுகிறதே என்றார்.

மூன்று வாரத்தில் ஐந்து முறை விழுந்தார்.
நான்காம் முறை போனபோது
அவர் தரையில்.
அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.
மேசையில் மூன்று கோப்பைகள்.
மிலோ என்னைப் பார்த்தான்.
நான் சர்க்கரை டப்பாவைத் தேடினேன்.

எங்கள் வேலையில் எந்தக் கதைக்கும் முடிவு கிடையாது.
ஒரு கதவு உண்டு, தானாகத் திறக்கும்.
கவிழ்ந்த லாரிக்கடியில்
என் சுண்டுவிரலை விடாமல் பிடித்திருந்த பையன்.
அவனை உள்ளே தள்ளிக்கொண்டுபோய்
வயது, நாடி, ரத்த அழுத்தம் என்று
நான் ஒப்பித்து முடிக்கும் முன்பே
ஒரு பச்சை முதுகு திரும்பிக்கொண்டது.
அந்த முதுகாக ஆகத்தான்
விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன்.
பிறகு வண்டியைக் கழுவினோம்.
சிவப்பு போனது, பினாயில் வாசம் போகவில்லை.

பிப்ரவரியில், ஆறாவது முறை.
காப்பி வாசம் இல்லை.
உதடு நீலம்.
லிஃப்ட் இல்லாத கட்டடம், கட்டி இறக்கும் நாற்காலி.
தலைப்பக்கம் மிலோ. கால்பக்கம் நான்.
கால்பக்கம் பிடிப்பவள் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும்,
அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது,
மேலேயிருப்பவனின் வாய்தான் கண்.
"படி. படி. படி. திருப்பம்."
அப்போது முகமூடிக்குள்ளிருந்து,
ஆக்ஸிஜன் புகைமூட்டத்தினூடே,
ஆர்வோ சொன்னார்:
"கீழேயிருந்து இரண்டாவது பலகை. ஆடும்."
ஆடியது.
எதிர்பார்த்துத்தான் கால் வைத்தேன்.

கதவு. பச்சை முதுகு.
அதற்கப்புறம் எனக்குத் தெரியாது.
கேட்கக் கூடாதென்று விதி.
விதி இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேனா தெரியவில்லை.

நீங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?
ஐயாயிரத்து முந்நூறு எழுத்துக்களுக்குள்.
முதல் வரைவில் அவரைக் காப்பாற்றினேன்.
நன்றாகவே வந்திருந்தது.
இரண்டாவதில் அவர் என் கையை இறுகப் பற்றி
வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொன்னார்.
மிலோவுக்குப் படித்துக் காட்டினேன்.
விதைத்தோலைத் துப்பிவிட்டு,
"பலகையைப் பற்றித்தானே சொன்னார்?" என்றான்.

அழித்தேன்.
இப்போது மிச்சமிருப்பது ஆடும் பலகையும்
மூன்று கோப்பைகளும்.
நானூற்றுச் சொச்சம் எழுத்துகள் தேறும்.
இதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி
என்னை உள்ளே விடும்?

வயர்லெஸ் கரகரக்கிறது.
தரையில் ஒருவர், மூச்சு இருக்கிறது,
இதுவரை போகாத தெரு.
மிலோ சாவியை எடுத்துவிட்டான்.
மடிக்கணினியை மூடாமலே
விதைப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துவிட்டு
ஓடுகிறேன்.