கால்வாய்ப் பராமரிப்பு: இரண்டு டாலர் பத்து சென்ட்

ராத்திரி ஒன்பதுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில்
கார்டைத் தேய்த்து உள்ளே போனால்
ஒஹையோவில் எனக்கு நாலாயிரம் வீடுகள்.
ஒன்றுக்கும் சாவி கிடையாது.
வரிச்சீட்டு மட்டும் ஸ்கேனாகி வரும்,
ஓரம் மடங்கி, காபிக் கறையோடு.

ஒரு வீட்டுக்கு எத்தனை அரசாங்கம்!
கவுண்ட்டிக்கு ஒரு கோடு,
டவுன்ஷிப்புக்கு ஒரு கோடு,
பள்ளிக்கூட மாவட்டம் பாதிக்குமேல் தின்னும்,
நூலகம், தீயணைப்பு, பூங்கா,
மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற வாரியத்துக்கும்
ஒரு சின்னக் கோடு.
ஐந்து வருஷத்துக்கு நூலகத்துக்கு ஒரு மில் தருவீர்களா
என்று ஓட்டுச்சீட்டில் அச்சடித்தே கேட்பார்களாம்.
மில் என்றால் அங்கே
டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
எங்கள் பக்கம் மில் என்றால்
பூட்டிய கேட்.

செத்தவன் எப்படிச் செத்தான் என்று சொல்லும் டாக்டரைக்கூட
அங்கே ஓட்டுப் போட்டுத்தான் வைக்கிறார்கள்.
சொன்னதும் பக்கத்து சீட் ஷாகிரா
டீயைத் துப்பிச் சிரித்தாள்:
"போஸ்டர்ல என்னன்னு போடுவான்?
உங்கள் வீட்டுப் பிள்ளைன்னா?"

விடிகாலை நாலரைக்கு கேப் என்னை
கொருக்குப்பேட்டை கேட்டில் இறக்கிவிடும்.
கூட்ஸ் நின்றிருந்தால் எல்லோரும் குனிந்து போவார்கள்.
நான் நிற்பேன்.
எங்கள் தெரு முனையில் ஒரு பள்ளம்,
பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வாய் திறந்தது.
கறுப்புத் தண்ணீர்.
மூடிக்குக் கீழே இருந்தால் குடிநீர் வாரியம்.
வழிந்து மழைநீர் வடிகாலில் விழுந்தால் மாநகராட்சி.
தண்டவாளத்துப் பக்கம் ஒதுங்கினால் ரயில்வே, அது டெல்லி.
பக்கிங்ஹாம் கால்வாயில் போய்ச் சேர்ந்தால்
நீர்வளத் துறை.
ஒரே தண்ணீர்தான்.
நாலு ஆபீஸ் மாறிவிடுகிறது
டிரான்ஸ்பர் கேட்காமலே.

கவுன்சிலர் ஒரு அம்மா.
நம்பருக்கு அடித்தால் வீட்டுக்காரர் எடுக்கிறார்.
"மெட்ரோ வாட்டர்ல சொல்லும்மா."
டிப்போவில் சொன்னால்
"ரோடு வெட்ட கார்ப்பரேஷன் பர்மிஷன் வேணும்."
புகார் எண் ஒன்பது இலக்கம்.
மறுநாள் குறுஞ்செய்தி:
தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படித்தேன்.

மீன்வண்டி தேவசகாயம்
உடைந்த நாற்காலி ஒன்றைத் தலைகீழாக நட்டு
காலில் சிவப்புத் துணி கட்டினார்.
அதுவரை அங்கே நடந்த ஒரே நடவடிக்கை.

அந்த வாரம் ஒரு சீட்டு வந்தது. சோளக்காட்டு வீடு.
எல்லாக் கோட்டுக்கும் கீழே
கால்வாய்ப் பராமரிப்பு, 2.10.
கால்வாய்க்குப் பேர் இருந்தது: ஹார்ட்மன்.
பிரேக்கில் தேடிப் படித்தேன்.
கரையோரத்துக்காரர்கள் கூடி மனு எழுத வேண்டுமாம்.
கமிஷனர்கள் மூன்று பேர் நேரில் வந்து பார்க்க வேண்டுமாம்.
வெட்டலாம் என்று முடிவானால்
செலவை நிலத்துக்கு நிலம் பிரிப்பார்களாம்.
அங்கேயும் சண்டை இருக்கும்.
மேட்டில் இருப்பவன் நான் ஏன் தரணும் என்பான்.
ஆனால் யாரோடு போடுவது என்று
தெரிந்த சண்டை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணி லாரி வரிசையில்
சும்மா சொல்லிப் பார்த்தேன்.
பதினாலு வீடு, ஒரே மனு, பள்ளத்துக்கு ஒரு பேர்.
"ஹவுஸ் ஓனர் கையெழுத்து போடட்டும்" என்றது ஒரு குடம்.
லில்லி புஷ்பம் கத்தினாள்:
"கட்டின வரி எங்க போச்சுன்னு முதல்ல கேளு."
மனுவுக்கு ஆறு கையெழுத்து, ஒன்று பென்சிலில்.
பேரில் மட்டும் பதினாலு வீடும் ஒற்றுமை:
வீட்டுக்காரர் பள்ளம்.

அந்தப் பேரிலேயே புகாரை மறுபடி போட்டேன்.

நேற்று மத்தியானம் சட்டைப்பையில் டேப் வைத்த ஒருவர் வந்து
"வீட்டுக்காரர் பள்ளம் எதுங்க?" என்று விசாரித்தாராம்.
பிள்ளைகள் ஓடிப்போய்க் காட்டியிருக்கிறார்கள்.
நாற்காலியை நகர்த்தி, அளந்து, எழுதிக்கொண்டு போனாராம்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
எந்த ஆபீஸ் என்று
யாரும் கேட்டு வைக்கவில்லை.