மிச்ச மூக்கு

கல்லில் எழுதினால் அழியாது என்பவர்கள்
திங்கட்கிழமைகளில் என் கையைப் பார்த்ததில்லை.
மணலும் தண்ணீரும் விட்டுக்
கல்மேல் கல்லை எட்டுப்போல் சுழற்றினால்
ஒன்பது மணிக்குள் ஒரு மந்திரி சேறாகிவிடுவார்.

பவேரியாவிலிருந்து கப்பலேறி வந்த கல்.
பல்லாரட்டில் அதற்கு யாரையும் தெரியாது,
யார் வந்தாலும் படுக்க இடம் கொடுக்கும்.
பத்திரிகையின் நடுப்பக்கத்துக்கு
வாரம் ஒரு பெரிய மனிதர்,
குச்சிக் காலும் பூசணித் தலையுமாய்.
வரைகிறவர் பெல். கையெழுத்து மட்டும் 'குளவி'.
எல்லாம் இடம்வலம் மாற்றி வரையவேண்டும்;
கல்லில் இடக்கன்னத்து மரு
தாளில் வலக்கன்னம் ஏறும்.
கல்லையே பார்த்துப் பழகிய எனக்குத்
தெருவில் போகும் அசல் ஆட்கள்
தப்பாக அச்சானவர்கள்.

ஆகஸ்டில் தண்ணீர்க் கமிட்டி ட்ரெத்தோவன் முறை.
மூக்கும் முழியுமான ஆள் என்று ஊரில் பெயர்.
குளவி முழியை விட்டுவிட்டது.
மூக்கைக் குழாயாக்கி, நுனியில் ஒரே ஒரு சொட்டு,
அடியில் வாளிகளோடு ஒரு வரிசை.
மூன்றாவது வாளி என்னுடையது, நெளிவு உட்பட.

சனிக்கிழமை மதியம் ஆளே வந்துவிட்டார்.
வழக்கா சவுக்கா தெரியாமல்
பெல் கல்லடுக்குக்குப் பின்னால் போய் நின்றார்.
ட்ரெத்தோவன் தொப்பியைக் கழற்றி
இரண்டு டஜன் பிரதி கேட்டார்.
ஒன்றுக்குச் சட்டம் போடவேண்டுமாம்.
கோபம் அவர் மனைவிக்குத்தான்.
வாசற்படி தாண்டாமல் என்னிடம் சொன்னார்:
"அந்தக் கோட்டில் ஒருநாளும்
பொத்தான் குறைந்ததில்லை."

ஆள் மூக்கறுபட்டார் என்றது ஊர்.
மூக்கோ வளர்ந்தது.
தேர்தல் மேடையில் அதுதான் முதலில் ஏறியது,
பின்னால்தான் அவர்.
விரலால் நுனியைத் துடைத்து
சொட்டைச் சுண்டிவிடுவதுபோல் காட்டினார்.
சிரித்தவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்.
நானும் சிரித்தேன்.

அந்தக் கல்லை மூன்று முறை அரைத்தேன்.
சென்ற வாரம் பிஷப்பின் வெள்ளை அங்கியில்
தொப்புள் இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு.
பெல் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
அதற்குள் நானூறு தாள் ஓடிவிட்டது.

நாலாவது முறையும் அரைத்திருக்கலாம்.
அதற்கு இரண்டு வாளி வேண்டும்.
எங்கள் சந்துக்கு இன்னும் குழாய் வரவில்லை,
அரை மைல் நடக்கவேண்டும்.