காலி என்றால் எவ்வளவு காலி

ஏரிக்கரைப் புல்லில் தொட்டியை இறக்கி வைத்தோம்.
மிச்ச பெட்ரோலை இரண்டு கேனில் வடித்துவிட்டு
கழுத்துவரை தண்ணீர் ஊற்றினேன்.
ஆவி நிற்கும் தொட்டியில் துளை போடக் கூடாது.
என் வலது புருவம் பாதியோடு நிற்பதற்கு
மேட்டூரில் ஒரு ஜீப் காரணம்.

சவரியப்பன் தன் குச்சியை நீட்டினார்.
சில்வர் ஓக் கிளை, கத்தியால் கீறிய மூன்று கோடு.
அதை விட்டுத்தான் அளந்தேன்.
ஆழம் பதினோரு அங்குலம்,
சென்சார் தண்டு பத்து.
அடிக்கசடு மிதவையைப் பிடித்துக்கொள்ளாமலிருக்க
அந்த ஓர் அங்குலம்.

கோடு சரியாகத்தானே இருக்கு, முள் எதுக்கு என்றேன்.
'கோடு போட்டது நானாச்சே' என்றார்.

குத்தகைக்காரர் பூபதி
மலைக்கு போனில் மட்டும் வருகிறவர்.
மாதம் பதினெட்டு லிட்டர் கணக்கில் உதைக்கிறதாம்.
படகு குடிக்கிறதா ஆள் குடிக்கிறதா
எனக்குத் தெரியணும் தம்பி என்றிருந்தார்.
கூலி ஆயிரத்து இருநூறு,
வண்டிக்கு பெட்ரோல் தனி.

கைத்துரப்பணம் கிரீச்சிட்டுச் சுழல
வெள்ளைச் சுருள்கள் தண்ணீரில் மிதந்தன.
ஐந்து துளை, ஐந்துக்கும் ஒரே இடைவெளி இல்லை.
ஒரே ஒரு வாகில்தான் உட்காரும்.
நான்கு பொருந்தினால் ஐந்தாவது முறைக்கும்.
ரப்பர் வளையத்தோடு மூன்று தரம் திருப்பினேன்.

ஒயரைக் கொடுத்து சாவி போட்டால்
சொட்டுப் பெட்ரோல் இல்லாத தொட்டிக்கு
முள் துள்ளிப் போய் ஃபுல்லில் நின்றது.
சவரியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
'இப்படியே விடுங்க,
அவருக்கு இதுதான் பிடிக்கும்.'

மீட்டர் காலிக்கு இருநூற்று நாற்பது ஓம் கேட்கிறது,
சென்சார் பத்து கொடுக்கிறது.
கடைப்பையன் வேறு ஜோடியின் பெட்டியைக் கட்டிவிட்டான்.
இருபது கொண்டை ஊசி இறங்கி
ஐந்து ரோட்டில் கத்தித் தொண்டை காய்ந்து
மறுபடி இருபது ஏறினேன்.
பதினான்காவது வளைவில் மேகம் படுத்திருந்தது.
பஸ்காரன் ஹாரனை வைத்துத்தான்
சாலை எங்கே இருக்கிறதென்று கண்டேன்.

திரும்பி வந்தபோது
தொட்டியைத் துடைத்துக் காயவைத்திருந்தார்.
டம்ளரைத் தட்டால் மூடிய டீ
ஆடை கட்டியிருந்தது. குடித்தேன்.

லிட்டர் லிட்டராய் ஊற்றிப் பார்த்தோம்.
தொட்டி பெட்டி மாதிரி இல்லை,
படகின் வயிற்றுக்குத் தக்கபடி கீழே ஒடுங்கும்.
இருபதில் ஏழு ஊற்றியதுமே
முள் பாதி என்றது.
தொட்டியைப் படகில் மாட்டி ஏரியில் விட்டால்
பின் சீட்டில் ஓமலூர்த் தம்பதி உட்கார்ந்ததும்
கால்வாசி காணாமல் போனது.
அவர்கள் எழுந்ததும் திரும்பி வந்தது.
முள் படுத்த பிறகும்
அடியில் ஒன்றரை லிட்டர் இருக்கும்.

போன் வந்தது.
'ஒழுங்கா காட்டுதா?'
காட்டுது சார்.
'ஏமாத்த முடியாதில்ல?'
சவரியப்பன் ஒரே விரலைப் பழந்துணியில்
நெடுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.
கரையோரம் அவருடைய மொபெட் நின்றது.
அதன் மூடிப் பக்கம் நான் பார்க்கவில்லை.
காட்டுது சார் என்றேன், மறுபடி.

ஒன்றரை லிட்டரைப் பற்றி
அவரிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை.
இவருக்குத் தெரிந்திருக்கும்.
குச்சியைத் துடைத்து
சீட்டுக்கடியில் பழைய இடத்தில் செருகினார்.

இருட்டுகிறது.
என் வண்டி மீட்டரில் முள்
ஐந்து வருடமாய் நடுவிலேயே நிற்கிறது.
டேங்கைக் குலுக்கிக் காது வைத்தேன்.
சளக் என்றது ஒரே ஒரு தரம்.
இறக்கம்தானே,
இன்ஜினை அணைத்தே போய்விடலாம்.