இருபத்தேழாவது

மணவாளக்குறிச்சி ஆய்வுக்கூடத்தில்
இரவு ஷிப்டுக்கு நானும் டெல்மாவும்.
டியூப்லைட்டின் கீழே ஐந்நூறு மணல்.
கறுப்பு இல்மனைட், இளஞ்சிவப்பு கார்னெட்,
மற்றதெல்லாம் ஒரே வெள்ளை, ஒரே பொய்.

"அணைச்சிரு மக்கா" என்கிறாள்.
புற ஊதா விளக்கின் உறுமல் மட்டும்.
முதலில் ஒளிர்வது என் சட்டைக் காலர்,
சோப்புப்பொடியின் நீலம்.
அப்புறம் அவள் பல்.
கண் பழகிய பிறகுதான்
தட்டில் ஒவ்வொன்றாய்ச் சிர்கான்,
செங்கவருக்கை மாம்பழத்தைக் கீறினால்
உள்ளே இருக்குமே, அந்த மஞ்சள்.

ஊசிமுனையால் தள்ளித் தள்ளி எண்ணுகிறேன்.
முதல் தடவை இருபத்தேழு.
இப்போது இருபத்தாறு.
மறுபடியும் இருபத்தாறு.
தும்மினேன், ஒத்துக்கொள்கிறேன்.

விளக்கைக் கையில் தூக்கித் தேடினோம்:
மேசை விளிம்பு, ரிஜிஸ்டர்,
ஸ்டூலுக்கடியில்
பச்சையாய் எரிந்துகொண்டு ஒரு தேள்.
இருவரும் அலறவில்லை. அதுவும் நின்றது,
வாழ்நாளில் முதன்முறை
யாரோ தன்னைப் பார்த்துவிட்டதுபோல.
டெல்மா ஒரு டப்பாவைக் கவிழ்த்தாள்.

மணல் கிடைத்தது என் இடது மணிக்கட்டில்,
வாட்ச் கழற்றிய தடத்தின் மேல்.
ஊசிக்கு வரமாட்டேன் என்றது.

டியூப்லைட்டைப் போட்டோம். காணோம்.
அணைத்தோம். இருக்கிறது.
போட்டோம். காணோம்.

ரிஜிஸ்டரில் 27 என்று எழுதிவிட்டு
ஆறு மணி பஸ்ஸில்
கையை அலம்பாமல் மடியில் வைத்துக்கொண்டு
சின்னவிளை வரை வந்தேன்.
ஜன்னல் வழியே வெயில்,
கரை முழுக்க வெறும் மணல்.

டப்பாவுக்குள் இருந்ததை
என்ன செய்தாள் என்று
கேட்க மறந்துபோனது.