வளராத பழுது

பாலம் ஒன்றுதான், கீழே தண்ணீர் இரண்டு.
இந்தப் பக்கம் கால்வாய், சோம்பல் பச்சை;
வாத்து போட்ட கோடு அழிய அரை நிமிடம் பிடிக்கும்.
அந்தப் பக்கம் ஆறு, மலைப்பனி உருகிய வேகத்தில்
யாருடையதோ குளிர்பெட்டிக் கதவைப்
புரட்டிக்கொண்டு போகிறது.
நடுவே ஒரு கரை.
இருவர் நடக்கலாம், குடை விரித்தால் ஒருவர்.

பென்சில்வேனியா, மார்ச் மாதம்.
லோர்னா ஹ்ருஷ்கா இடுப்புக் கயிற்றில் தொங்கியபடி
ரிவெட் தலைகளைச் சுத்தியலால் தட்டுகிறாள்.
ணங். ணங். ணங்.
இறுகிய ஆணி வாய்விட்டுப் பேசும்.
தளர்ந்தது முனகும்; அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு.
நானூற்றுப் பதினேழில் முனகியவை ஆறு.
கீழே ஆற்றில் படகோடு டுவெயின்,
அவள் விழுந்தால் பிடிக்க.
இதுவரை அவன் பிடித்தது
இரண்டு சுண்ணக்கட்டி, ஒரு சாண்ட்விச்.
சாண்ட்விச்சை மட்டும் திருப்பித் தரவில்லை.

கால்வாயோரக் கல்தூணருகே இறங்கியதும்
கையுறையைக் கழற்றுகிறாள்.
தூணின் மூலையில், இடுப்பு உயரத்தில்,
ஏழு பள்ளங்கள், விரல் புகும் அளவு.
கோவேறு கழுதைகள் இழுத்த படகுக் கயிறு
உரசி உரசி அறுத்தவை.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
இங்கே ஊர்ந்தது நிலக்கரி.

இந்தத் தூணின் கல்லே படகில்தான் வந்தது.
டன்னுக்கு ஒன்பது சென்ட் கூலி.
இறக்கியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்,
எதற்கான கல் என்று?
தெரிந்தேதான் இறக்கியிருப்பார்கள்.
சனிக்கிழமை வந்தால் மளிகைக்கடைக்காரன் கேட்பான்.
அப்புறம் எத்தனையோ வருடம்
மேலே ரயில், கீழே கழுதை.
ரயில் கத்தும்போதெல்லாம் ஒரு பையன்
தன் தொப்பியைக் கழற்றி அதன் கண்ணை மூடியிருப்பான்.
பிறகு ஒருநாள் கயிறு வரவில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பழுது, ஆழம், சென்ற ஆய்விலிருந்து மாற்றம்.
கோப்பின் அடியில், முப்பத்தொன்றாம் வருடத் தாளில்,
க்ளெமென்ஸ் யோடர் பென்சிலால் எழுதியிருக்கிறார்:
ஒன்றரை அங்குலம்.
பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே.
பார்க்காமலே எழுதியிருப்பார்களோ என்று
லோர்னா அளந்து பார்க்கிறாள்.
ஒன்றரை.
துரு வளர்கிறது, விரிசல் வளர்கிறது,
தூண் இடுக்கில் ஒரு பிர்ச் கன்றுகூட
அவள் தோளுக்கு வந்துவிட்டது.
இது மட்டும் அப்படியே.
'மாற்றம் இல்லை' என்று எழுதுகிறாள்.
இடது கைவிரல் இன்னும் பள்ளத்தில்.

டுவெயின் விசிலடிக்கிறான்.
நாளைக்கு ஒரே வண்டி, சிமெண்டு வண்டி,
இருபத்திரண்டு பெட்டி.
கல்லோடு முதுகை ஒட்டி நிற்கிறாள்.
தலைக்கு மேல் அது கடக்கும்போது
கால்வாய்க்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது,
கரைக்குக் கரை நெளிவு.
ஆறு திரும்பியும் பார்க்கவில்லை.

கடைசிப் பெட்டியும் போய்
பச்சைத் தண்ணீர் அடங்கும்வரை நின்றுவிட்டு
மறுபடி கயிற்றில் ஏறுகிறாள்.
டுவெயின் கீழிருந்து கேட்கிறான்,
என்ன இருக்கிறது அங்கே, இவ்வளவு நேரம்?

ணங்.
நானூற்றுப் பதினெட்டு.