பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

இரணியல் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என்னுடையது.
வக்கீல் பென்சிலால் எழுதித் தந்த தாளில்
ஒரே ஒரு சொல்லின் கீழ் இரண்டு கோடு:
ரான்சாக்.
'இது இருந்தாத்தான் கேசு நிக்கும் ஓய்.'

போலீஸ் எழுதியிருப்பது சோதனை.
பரீட்சையும் அதுதான்,
ஆண்டவர் தருவதும் அதுதான்.
சூறையாடினார்கள் என்று தமிழில் போடலாம்.
ஆனால் சூறை, காற்று.
காற்றின் மேல் வழக்குப் போட முடியாது,
அதுவும் கடியபட்டணத்தில்.

வியாகுலமேரி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.
கெட்டியவன் ஆழ்கடலில்,
கரை சேர இன்னும் பதினொரு நாள்.
களவுபோன வள்ளத்து எஞ்சின் ஒன்றைத் தேடி
ஆறு பேர் வந்தார்களாம்.
எஞ்சின் நாற்பது கிலோ இருக்கும்.
அதை மிளகாய்த்தூள் டப்பாவில் தேடியிருக்கிறார்கள்,
ஜெபமாலைப் பெட்டியில்,
பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில்.
'அரிச்சுப் பெறக்கிட்டானுவ சாரே.'

மட்டை போன அகராதியைப் புரட்டினேன்.
சாக்கு மூட்டையோடு வந்த சொல் என்றே
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.
நம் சாக்கும் அப்படித்தானே,
அள்ளிப் போகவும் ஆகும், சொல்லித் தப்பவும் ஆகும்.
இல்லையாம்.
வடக்கே பனிக்கடலில் வள்ளம் விட்டவர்களின் பேச்சு.
ரன் என்றால் வீடு. சாகா என்றால் தேடு.
வீடு தேடல்.
கொள்ளை பின்னால் வந்து ஒட்டியது,
வள்ளத்தின் அடியில் சிப்பி ஒட்டுகிற மாதிரி.

செல்போனில் இன்னும் கொஞ்சம் தோண்டினேன்.
அவர்களுடைய பழைய சட்டமொன்றில்,
களவுப்பொருள் தேடி ஒரு வீட்டுக்குள் போகிறவன்
இடைவாரைத் தளர்த்தி
வெறும் சட்டையோடு போக வேண்டுமாம்,
தானே எதையும் கொண்டுபோய் வைத்துவிடாதபடிக்கு.
கொள்ளைக்காரர்கள் என்று பேரெடுத்தவர்களுக்கு
அவ்வளவு வெட்கம் இருந்திருக்கிறது.
காக்கிச் சட்டைக்கு எத்தனை பை என்று
மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

'என்னென்ன போச்சு? பட்டியல் போடணும்.'
விரல் மடக்கப் போனவள் விட்டுவிட்டாள்.
டாலர் செயின் இருக்கிறது.
அரிசிப் பானையின் அடியில்
கெட்டியவனுக்குத் தெரியாமல் வைத்த
நாலாயிரத்து முந்நூறும் அப்படியே.
'ஆனா அதை நடைவாசல்ல வச்சு எண்ணினானுவ.
தெருவே பாத்துச்சு.'

அந்த இங்கிலீசுக்கு என்ன அர்த்தம் என்றாள்.
சொன்னேன்.
வெகுநேரம் பிரிண்டரையே பார்த்தாள்.
'அப்ப அதை அவனுவ பேருல எழுதண்டாம் சாரே.
ஒம்பது நாளா வீட்டைத் தேடுகது நானாக்கும்.
கரண்டி இருந்த எடத்துல கரண்டி இருக்கு.
வீட்டைத்தான் காணல்ல.'

வக்கீல் போட்ட சொல்லை அப்படியே அடித்தேன்.
எழுவாயில் மட்டும்
கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டு நின்றது.

மூன்று பக்கம், நூற்றிருபது.
அவள் எண்ணித் தந்த நோட்டுகளில்
அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.